நீங்கள் டைப் செய்வது எங்கே இயங்குகிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிளஸ் டூ அல்லது கல்லூரி முதல் ஆண்டு படிக்கும் பிள்ளை இருந்தால், சில வாரங்களில் ஒரு கேள்வி வரும். சி, பைத்தான் போன்ற மொழிகளில் புரோகிராம் எழுதிப் பழக என்ன சாப்ட்வேர் போட வேண்டும்? நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த டர்போ சி, டாஸ் காலத்தைச் சேர்ந்தது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு புரோகிராமை நிறுவி, அதற்குள் வைத்துத்தான் இயக்க வேண்டும். சரி, புதிய கம்பைலரையே போட்டுக் கொள்ளலாம் என்றால், அதை டவுன்லோடு செய்து, நிறுவி, பாத் அமைத்து, எடிட்டருடன் இணைத்து முடிப்பதற்குள் கற்கும் ஆர்வமே வடிந்துவிடும்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பிரவுசரைத் திறந்து, புரோகிராம் இயக்கித் தரும் ஓர் இணைய தளத்திற்குச் செல்லுங்கள். ஒரு பெட்டி இருக்கும். அதில் புரோகிராமை டைப் செய்து, ரன் என்ற பட்டனை அழுத்துங்கள். சில விநாடிகளில் விடை கீழே வந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம். 2009ல் இந்தியாவில் தொடங்கப்பட்ட கோட்செஃப், கூகுள் நிறுவனத்தின் கோலேப் போன்றவை இப்படிப்பட்டவை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். புரோகிராமிங் பாடங்களிலும் மாணவர்கள் பயிற்சிகளை இணைய வழியே அனுப்புகிறார்கள். அங்குள்ள சர்வர் அவற்றை இயக்கிப் பார்த்து மதிப்பெண் போடுகிறது.

இதைச் சொன்னவுடன் பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள். முகம் தெரியாதவர் எழுதி அனுப்புவதை ஒரு சர்வர் அப்படியே இயக்குவது ஆபத்தில்லையா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். சாப்ட்வேர் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்நியர் எழுதியதை இயக்குகிறோம் என்று தெரிந்தே இயக்கும் தளத்தைக் கண்டு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை. அப்படி இயக்குகிறோம் என்று தெரியாமலேயே இயக்கிக் கொண்டிருக்கும் தளம்தான் பெரிய ஆபத்து.

பட்டனை அழுத்தியதும் நடப்பது என்ன?

நீங்கள் பெட்டியில் டைப் செய்தது, பட்டனை அழுத்தும் வரை வெறும் எழுத்துதான். கடிதத்தில் எழுதிய வரிகளுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பட்டனை அழுத்தியதும் பிரவுசர் அந்த எழுத்துகளை இணையம் வழியாக ஒரு வெப் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். எங்கோ ஒரு கட்டடத்தில், எப்போதும் இயங்கிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்.

அங்கே உங்கள் எழுத்துகள் ஒரு பைலாகச் சேமிக்கப்படுகின்றன. சி மொழி என்றால் கம்பைலரிடமும், பைத்தான் என்றால் அதன் இன்டர்பிரட்டரிடமும் அந்த பைல் தரப்படுகிறது. புரோகிராம் இயங்குகிறது. திரையில் காட்ட வேண்டிய விடையைச் சர்வர் பிடித்து, மீண்டும் எழுத்தாக்கி உங்கள் பிரவுசருக்கு அனுப்புகிறது.

பிரவுசரிலிருந்து வரும் எழுத்தை ஒரு புரோகிராமிடம் தந்து விடை வாங்கும் வழக்கம், வெப் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ளது. 1993ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில், சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு இதற்காகவே உருவானது. தேடல் பெட்டி, ரயில் முன்பதிவு, தேர்வு முடிவு என இன்று நாம் பயன்படுத்தும் எல்லாமே அந்த எண்ணத்தின் வளர்ச்சிதான்.

மளிகைக் கடைச் சீட்டு

எழுத்தைப் பெறுவது வேறு, அதை இயக்குவது வேறு. இந்த வேறுபாடு புரிய ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் சீட்டு எழுதித் தருகிறீர்கள். கடைப் பையன் சீட்டில் உள்ளதை ஒவ்வொரு வரியாகப் படித்து எடுத்து வைக்கிறான். சர்க்கரை 1 கிலோ, துவரம் பருப்பு அரை கிலோ, புளி கால் கிலோ. நான்காவது வரியில் ஒருவர், 'கல்லாவைத் திறந்து பணத்தை இவரிடம் கொடு' என்று எழுதிவிடுகிறார். விவரம் உள்ள பையன் சிரித்துவிட்டுச் சீட்டைத் திருப்பித் தருவான். எழுதியிருப்பதை அப்படியே செய்யும் பையனாக இருந்தால் கல்லா காலி.

கம்ப்யூட்டர் இந்த இரண்டாவது பையனைப் போன்றது. பொருள் பட்டியல் எது, கட்டளை எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அந்தக் கோட்டை, புரோகிராம் எழுதுபவர்தான் போட வேண்டும். கோடு போட மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான்கு உண்மைச் சம்பவங்களைப் பார்ப்போம்.

தெரியாமல் இயக்கியவர்கள்

முதலாவது, 1996ல் எச்சரிக்கை வெளியான பி.எச்.எப். என்ற சிறிய புரோகிராம். தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேடுவதற்காக அன்றைய வெப் சர்வர் சாப்ட்வேருடன் சேர்த்துத் தரப்பட்டது இது. நீங்கள் தரும் பெயரை ஒரு கட்டளை வரியில் சேர்த்து இது இயக்கும். ஆபத்தான குறிகளை நீக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் எண்டர் தட்டினால் வரும் அடுத்த வரிக் குறியை நீக்க மறந்துவிட்டார்கள். பெயருக்குப் பின் அந்தக் குறியைப் போட்டு, அடுத்து ஒரு கட்டளையை எழுதினால் சர்வர் அதையும் செய்து முடிக்கும். சர்வரின் பாஸ்வேர்டு பைலையே இப்படிப் பலர் எடுத்தார்கள்.

இரண்டாவது, 2014 செப்டம்பரில் வெளியான ஷெல்ஷாக். லினக்ஸ் போன்ற சிஸ்டங்களில் நாம் தரும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் பாஷ் என்ற புரோகிராமில் இருந்த ஓட்டை இது. உங்கள் பிரவுசர் ஒரு தளத்திற்குச் செல்லும்போது, தன் பெயரையும் பதிப்பையும் சொல்லிக் கொள்ளும். அந்தப் பெயருக்குப் பதிலாகக் குறிப்பிட்ட அடைப்புக்குறிகளுடன் தொடங்கும் வரியை அனுப்பினால், பாஷைப் பயன்படுத்திய சி.ஜி.ஐ. சர்வர்கள் அதைக் கட்டளையாக எடுத்து இயக்கின. இந்த ஓட்டை 1989 முதலே அங்கே இருந்தது. 25 ஆண்டுகள் யாரும் சரி செய்யவில்லை.

மூன்றாவது, 2017ல் அமெரிக்காவின் ஈக்விபாக்ஸ் நிறுவனத்தில் நடந்தது. கடன் வாங்கியவர்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் நிறுவனம் இது. அதன் இணைய தளம் ஒன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாப்ட்வேரைக் கொண்டு அமைந்திருந்தது. சர்வருக்கு எதையாவது அனுப்பும்போது, அது என்ன வகை என்று சொல்லும் ஒரு வரியும் உடன் செல்லும். அந்த வரி தவறாக இருந்தால், ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச் செய்தியைத் தயாரிக்கும். தயாரிக்கும்போது, தவறான அந்த வரியையே புரோகிராமாக எண்ணி இயக்கிவிட்டது. திருத்தம் மார்ச் மாதமே வெளியானது. நிறுவனம் அந்தத் தளத்தில் அதைப் போடவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை வரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின.

நான்காவது, 2021 டிசம்பரில் உலகையே தூங்கவிடாமல் செய்த லாக்4ஷெல். ஜாவா புரோகிராம்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற லைப்ரரியில் இருந்த ஓட்டை இது. கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதுவது போன்ற வேலைதான் இதற்கு. ஆனால் எழுதும் வரியில் குறிப்பிட்ட அமைப்பில் ஒரு முகவரி இருந்தால், அந்த முகவரிக்குச் சென்று அங்கிருப்பதைக் கொண்டு வந்து இயக்கிவிடும். பிள்ளைகள் விளையாடும் மைன்கிராப்ட் ஜாவா பதிப்பில், சாட் பெட்டியில் ஒரு வரி டைப் செய்தாலே போதும் என்ற நிலை இருந்தது. ஆபத்தின் அளவாக இதற்குத் தரப்பட்ட மதிப்பெண் 10க்கு 10.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உள்ளது. பெயர் தேடும் பெட்டி, பிரவுசர் பெயர், பைல் வகை, விளையாட்டுச் சாட். இவற்றில் எதுவும் புரோகிராம் இயக்குவதற்காக அமைக்கப்பட்டதல்ல. இங்கே வருவது வெறும் எழுத்துதானே என்று நினைத்ததால், அவற்றை அமைத்தவர்கள் வேலி எதையும் போடவில்லை.

தெரிந்தே இயக்குபவர்கள்

இப்போது ரன் பட்டன் உள்ள தளங்களுக்கு வருவோம். இவற்றை நடத்துபவர்களுக்கு முதல் நாளிலிருந்தே ஒன்று தெரியும். வருபவர்களில் சிலர் சர்வரைக் கெடுக்கவே வருவார்கள். அதனால் பெட்டியை அமைக்கும் முன்பே வேலியை அமைக்கிறார்கள்.

ஒவ்வொருவரின் புரோகிராமும் தனித்தனி அறை போன்ற இடத்தில் இயங்கும். அங்கிருந்து சர்வரின் மற்ற பைல்கள் கண்ணில் படாது. சில விநாடிகளுக்கு மேல் இயங்கினால் நிறுத்தப்படும். இவ்வளவு மெமரிதான் என்று அளவு உண்டு. பல தளங்களில், இயங்கும் புரோகிராம் வெளி இணையத்தைத் தொடவே முடியாது. வேலை முடிந்ததும் அந்த அறையையே அழித்துவிடுவார்கள். அடுத்தவருக்குப் புதிய அறை.

லினக்ஸில் 2005ல் செக்காம்ப் என்ற வசதி சேர்க்கப்பட்டது. ஒருவர் தன் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டால், அவர்கள் அனுப்பும் புரோகிராமை ஆபத்தின்றி இயக்க வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். அந்த முதல் வடிவில், வேலிக்குள் இருக்கும் புரோகிராம் சிஸ்டத்திடம் நான்கே உதவிகளைத்தான் கேட்க முடியும். படிப்பது, எழுதுவது, முடித்துக் கொள்வது, சிக்னல் ஒன்றிலிருந்து திரும்புவது. வேறு எதைக் கேட்டாலும் புரோகிராம் அங்கேயே நிறுத்தப்படும்.

கூகுளின் கோ மொழிக்கான பிளேகிரவுண்ட் தளம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நேரத்தைக் கேட்டு ஒரு புரோகிராம் எழுதுங்கள். எப்போது கேட்டாலும் 2009 நவம்பர் 10, இரவு 11 மணி என்றே விடை வரும். கோ மொழி பிறந்த நாளை ஒட்டி அமைத்த கடிகாரம் அது. கடிகாரம் எப்போதும் ஒரே இடத்தில் தொடங்குவதால், ஒரே புரோகிராமுக்கு ஒரே விடை கிடைக்கும். அந்த விடையைச் சேமித்து வைத்து, அடுத்து அதையே அனுப்புபவருக்கு உடனே தந்துவிடலாம். வேலிக்குள் இருப்பவர் மணி பார்ப்பதைக்கூடத் திட்டமிட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

எந்த வேலியும் நூறு சதவீதம் உறுதியானதல்ல என்பது உண்மைதான். ஆனால் திருடன் வருவான் என்று எதிர்பார்த்துக் கட்டிய வீட்டிற்கும், வரவே மாட்டான் என்று கட்டிய வீட்டிற்கும் வேறுபாடு உண்டல்லவா?

என் துறையினருக்கு ஒரு வேண்டுகோள்

பல மொழிகளில் ஈவால் என்ற கட்டளை உண்டு. எழுத்தாக வந்ததை அப்படியே புரோகிராமாக இயக்கும். பி.எச்.பி. மொழியின் கையேடே இது மிகவும் ஆபத்தானது என்று எச்சரிக்கிறது. ஆனாலும் இறுதி ஆண்டு பிராஜக்ட் செய்யும் மாணவர் கால்குலேட்டர் பக்கம் ஒன்றை அமைக்கும்போது, இரண்டு வரியில் வேலை முடிகிறதே என்று ஈவாலைப் போடுகிறார். கேட்டால், 'எங்கள் கல்லூரி மாணவர்கள் மட்டும்தானே பயன்படுத்துவார்கள், ஆபத்தான சொற்களைத் தடுத்துவிட்டேன்' என்பார்.

இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. பி.எச்.எப். புரோகிராமும் ஆபத்தான குறிகளைத் தடுத்துத்தான் வைத்திருந்தது. ஒரே ஒரு குறி விட்டுப் போனது. தடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டால் ஏதாவது ஒன்று விட்டுப் போகும். எண்களும் நான்கு கணக்குக் குறிகளும் மட்டுமே வரலாம் என்று அனுமதிப்பதைப் பட்டியலிடுவதே சரி. கூட்டல் கழித்தலுக்கு ஈவால் தேவையே இல்லை. மாணவர்களின் புரோகிராமை இயக்கித்தான் ஆக வேண்டும் என்றால், வேலியை முதலில் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிறகு வையுங்கள். கல்லூரிகளும் இதைப் பிராஜக்ட் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். இன்று பிராஜக்டில் பழகுவதைத்தான் நாளை வங்கியின் தளத்திலும் எழுதப் போகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், உங்கள் புரோகிராம் எங்கே இயங்குகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். இப்போது சில தளங்கள் புரோகிராமைச் சர்வருக்கு அனுப்பாமல், உங்கள் பிரவுசருக்குள்ளேயே இயக்குகின்றன. பைத்தானுக்குப் பையோடைடு என்ற ஏற்பாடு இப்படி உள்ளது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பக்கம் முழுதும் வந்து, ஒருமுறை இயக்கிப் பார்த்த பின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். புரோகிராமில் சிறு மாற்றம் செய்து மீண்டும் ரன் அழுத்துங்கள். புதிய விடை வந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்குகிறது. வராவிட்டால், நீங்கள் எழுதியது இன்னொருவர் சர்வருக்குச் செல்கிறது.

சர்வருக்குச் செல்கிறது என்றால், அதில் பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, ஆதார் எண் போன்ற எதையும் எழுத வேண்டாம். சில தளங்கள் நீங்கள் எழுதியதைப் பொதுவில் எல்லோரும் பார்க்கும்படி சேமிக்கும். அலுவலகப் புரோகிராமை அங்கே ஒட்டிப் பார்ப்பதும் கூடாது.

முடிவே இல்லாமல் சுற்றும் புரோகிராமை எழுதிவிட்டால் பயப்படாதீர்கள். கற்பவர் எல்லோரும் எழுதுவதுதான். சர்வர் அதைத் தானே நிறுத்திவிடும். ஆனால் வேலியைத் தாண்டிப் பார்க்கலாமே என்ற விளையாட்டு வேண்டாம். அனுமதியின்றி, தீய நோக்குடன் பிறர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஆவது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இலவச வசதியைத் தவறாகப் பயன்படுத்தினால் அது எல்லோருக்கும் மூடப்படும். ஹெரோக்கு நிறுவனம் புதியவர்களுக்குப் பல ஆண்டுகள் இலவசமாகத் தந்து வந்த சர்வர் வசதியை 2022 நவம்பரில் நிறுத்தியது. மோசடியும் தவறான பயன்பாடும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நேர்மையாகப் பயன்படுத்திய மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கதவு அடைபட்டது. எனவே நீங்கள் எழுதும் புரோகிராம்களின் பிரதியை உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்துக் கொள்ளுங்கள்.

வேலி இல்லாத பெட்டி எது?

கடைசியாக முக்கியமான ஒன்று. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எழுத்தை இயக்கும் பெட்டி ஒன்று உள்ளது. விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் திறக்கும் ரன் பெட்டிதான் அது. மேலே சொன்ன தனி அறை, நேரக் கட்டுப்பாடு, இணையத் தடை எதுவும் அதற்கு இல்லை. உங்கள் போட்டோக்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கும் அதே இடத்தில் அது இயங்குகிறது.

2024 முதல் பரவி வரும் ஒரு மோசடி இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு தளத்திற்குச் செல்கிறீர்கள். நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்கச் சொல்கிறது. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி அழுத்துங்கள், எண்டர் தட்டுங்கள் என்று மூன்று படிகள் தரப்படும். அந்தத் தளம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் வைத்திருக்கும். நீங்கள் எண்டர் தட்டியதும் மால்வேர் டவுன்லோடு ஆகி இயங்கத் தொடங்கும். கல்லாவைத் திறக்கச் சொல்லும் சீட்டை உங்கள் கையாலேயே உங்கள் கடைப் பையனிடம் தந்தது போலத்தான்.

எந்த நேர்மையான தளமும் நீங்கள் மனிதர்தான் என்று சோதிக்க ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. பிரவுசரின் கன்சோல் பகுதியில் எதையாவது ஒட்டச் சொன்னாலும் ஒட்ட வேண்டாம். பயர்பாக்ஸ் பிரவுசர், அங்கே முதல் முறை ஒட்டும்போது எச்சரித்துத் தடுப்பது இதற்காகத்தான்.

ஆகவே, பிள்ளைகள் இணையப் பெட்டியில் புரோகிராம் எழுதிப் பழகட்டும். தடுக்காதீர்கள். அவர்கள் அங்கே செய்யும் தவறு, வேலிக்குள்ளேயே முடிந்துவிடும். அதே பிள்ளையிடம், பிறர் தந்த வரியை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒட்டி எண்டர் தட்டும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இதை எழுதியது யார்? இது எங்கே இயங்கப் போகிறது? இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால் எண்டர் கீயைத் தொட வேண்டாம்.